விழுந்த வாஷரும் வாய்மூடிய பையனும்

கொழும்பு வீதிகளில் மொறிஸ் மைனர் கார்கள் இன்னும் ஓடுகின்றன. 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இவ்வண்டியைப் பெருமைக்காக வைத்திருப்போர் சிலர். வேறொன்று வாங்க இயலாமையால் வைத்திருப்போரும் உளர். 2020இல் தடைப்பட்ட தனியார் கார் இறக்குமதிக்கு 2025இலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்விடைக்காலத்திற் பழைய வண்டியின் அருமையை அறியாதார் இலர். ஆதலின், அத்தகைய எஞ்சினுள் ஒரு சிறு வாஷர் தவறி விழுதல் அற்பச் செய்தி அன்று. (வாஷருக்கு நல்ல தமிழ்ப் பெயர் சொல்லப் பண்டிதர்களாகிய எம்மால் இயலும். பட்டறை வழக்கையே இங்குக் கொள்கிறேன்.)

வெள்ளவத்தையில் என் அயலவர் ஒருவரிடம் அத்தகைய வண்டி உண்டு. அதனைக் கொட்டாஞ்சேனைப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுசென்றபோது நானும் உடன் சென்றேன். கழற்றிய கார்புரேற்றரை மீண்டும் பூட்டுகையில், ஸ்பிரிங் வாஷர் ஒன்று குறைவதைப் பாஸ் கண்டார். தரையெங்கும் தேடினார்கள். வேலை பழகும் பையன் ஒன்றும் பேசாது நின்றான். மும்முறை கேட்டபின்பே, “உள்ளே விழுந்திட்டுது, பாஸ்” என்றான். உடனே கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

அவன் அப்போதும் சொல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 தடவை மேலெழுகின்றது. மேலெழுந்த பிஸ்டனுக்கும் மேல்மூடிக்கும் நடுவே இடைவெளி மிகச் சிறிது. அங்கே ஓர் இரும்பு வளையம் அகப்பட்டால் பிஸ்டனின் தலை குழியும், வால்வு வளையவுங்கூடும். ஆகவே பொருள் விழுந்ததும் செய்யவேண்டிய முதற்காரியம், எஞ்சினை ஒரு சுற்றுக்கூடச் சுழற்றாதிருத்தலே. பின்னர், பிளக்கைக் கழற்றி, இரும்பாயின் மெல்லிய கோலிற் காந்தத்தை இறக்கித் துழாவுவர். பித்தளைக்குக் காந்தம் உதவாது. கோல் நுனியிற் கிறீஸ் பூசி ஒட்டி எடுப்பதே வழி. அன்று இரண்டு மணி நேரம் துழாவியும் வாஷர் அகப்படவில்லை. தண்ணீரை வடித்து, ஹெட்டையே கழற்றி எடுத்தார்கள். புதிய காஸ்கெற்றுக்குப் பஞ்சிகாவத்தைக்கு ஆள் போயிற்று.

அடி விழுந்தாற்றான் கவனம் வரும் என்பாரை நான் அறிவேன்; ஆசிரியர் அறைகளில் இவ்வாதத்தைப் பல்லாண்டு கேட்டவன். கவனம் வரலாம். ஆயினும் எண்ணெய் படிந்த விரல் எத்துணைக் கவனமுடையானுக்கும் வழுக்கும். அறை வாங்கிய பையன் அடுத்த முறை கற்றுக்கொள்வது கவனத்தையா, மறைப்பையா? உடைந்த கண்ணாடியைப் பற்றி வகுப்பு முழுவதும் மௌனம் சாதிப்பதைக் கண்ட ஆசிரியர்கள் விடை சொல்வார்களாக.

2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கென வகுத்த பட்டியலிலே, நோயாளியை வெளியே கொண்டுசெல்லுமுன் கருவி, பஞ்சு, ஊசி ஆகியவற்றை எண்ணி முடித்தமையைத் தாதி வாய்திறந்து கூறவேண்டுமென்று உள்ளது. தேர்ந்த வைத்தியரின் கையையும் அங்கு எண்ணிக்கையின்றி நம்புவதில்லை. பட்டறையிலும் கழற்றியவற்றை ஒரு தட்டில் இட்டு எண்ணலாம். திறந்த துவாரத்தைத் துணியால் அடைக்கலாம். இவற்றைச் செய்விப்பது பாஸின் பொறுப்பு, பையனுடையதன்று.

காஸ்கெற்றின் விலையைப் பையனின் கூலியிற் கழிக்கப்போவதாகப் பாஸ் சொன்னார். துவாரத்தை அடைக்கத் துணி கொடாதவரே அவ்விலையைக் கொடுக்கவேண்டும் என்பது என் துணிபு.