விளையாட்டுப் பொறுப்பாசிரியர் பதவி: ஏற்குமுன் எண்ணத்தக்கவை

உத்தியோகம் புருஷ இலட்சணம் என்பது நம் முன்னோர் மொழி. எந்த உத்தியோகம் என்ற வினா எழும்போது வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்னும் மூன்று பெயர்களுக்கு அப்பால் நம்மவர் சிந்தை செல்வது அரிது. ஆசிரியத் தொழிலையேனும் எண்ணுவார் சிலர் உளர். அவருள்ளும், விளையாட்டுத் துறைக்குப் பொறுப்பான ஆசிரியராக வாழ்வோம் என்று துணிந்து வருவோர் மிகச் சிலரே. விளையாட்டில் விருப்பமுள்ள இளைஞன் ஒருவன் இப்பதவியை நாடலாமா, நாடினால் எவற்றைச் சீர்தூக்கி ஏற்க வேண்டும் என்பவற்றை இம்மலரின் வாயிலாக எடுத்துரைத்தல் பொருத்தமென எண்ணுகின்றேன்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். இப்பதவியின் பெறுமதி அலுமாரியில் அடுக்கப்படும் கேடயங்களால் அளக்கப்படுவதன்று. எந்த அணியிலும் இடம்பெறாத மாணவனும் மைதானத்தில் இறங்குகின்றானா என்பதனாலேயே அஃது அளக்கப்பட வேண்டும். அவ்வளவுகோலை ஏற்கும் கல்லூரியிலேயே இப்பதவி விரும்பி ஏற்கத்தக்கது.

முற்காலத்தில் 'கேம்ஸ் மாஸ்ரர்' என்று வழங்கப்பட்ட இவரை, மாலை வேளையில் விசில் ஊதி நிற்கும் ஒருவராகவே பலரும் அறிவர். அவருடைய வேலையிற் பெரும்பகுதி விசில் ஊதுவதற்கு முன்னரே நடந்து முடிகின்றது. ஆண்டின் தொடக்கத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வருகின்றது. மைதானத்திற் சுண்ணாம்புக் கோடு இடுவது முதல் பிரதம விருந்தினருக்கு அழைப்பு அனுப்புவது வரை அவர் கையாலேயே நடைபெறவேண்டும். அதன்பின் வலயம், மாகாணம், தேசியம் எனப் போட்டிகள் படிப்படியாக வளரும். ஒவ்வொன்றிற்கும் பெயர்ப் பட்டியல், வயதை உறுதிப்படுத்தும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, பெற்றோரின் சம்மதக் கடிதம், பேருந்து ஒழுங்கு, மதிய உணவு என்பன வேண்டும். பந்துகளுக்கும் மட்டைகளுக்கும் இருப்புப் பதிவேடு எழுதவேண்டும். மத்தியஸ்தர்களை ஒழுங்கு செய்யவேண்டும். இவ்வளவையும் செய்பவர், மறுநாட் காலையில் ஏனைய ஆசிரியரைப் போலவே பாடவேளைகளுக்கும் செல்கின்றார்.

அமெரிக்க நாட்டு உயர்பாடசாலைகளில் இவ்வேலைகளுக்கென்றே பணிப்பாளர் ஒருவரை நியமிப்பது வழக்கம். 'அத்லெற்றிக் டிறெக்ரர்' என்பது அவர் பெயர். பயிற்றுநர் தெரிவு, போட்டி அட்டவணை, வரவு செலவு, போக்குவரத்து, மாணவர் விளையாடத் தகுதியுடையவரா என்னும் பரிசீலனை ஆகியன அவர் மேசைக்கு வருகின்றன. 1972ஆம் ஆண்டில் அங்கு இயற்றப்பட்ட சட்டம், அரச நிதி பெறும் கல்விக்கூடங்களிற் பால் வேறுபாடு காட்டலாகாது என விதித்தபின், மாணவிகளுக்கும் ஒத்த வாய்ப்பளித்தல் அவர் கடமைகளுள் ஒன்றாயிற்று. சிறு பாடசாலைகளில் அவரும் கற்பிப்பதுண்டு. ஆயினும் அவர் பதவிக்கு ஒரு பெயரும், எழுதப்பட்ட கடமைப் பட்டியலும், ஒதுக்கப்பட்ட நேரமும் உள. நம் நாட்டிலோ வேலை முழுவதும் இருக்கின்றது. பதவி மட்டும் அரைகுறையாக இருக்கின்றது.

இப்பதவியை அடையும் வழி யாது? முன்னாளில் பாடசாலை முகாமையாளர்களே ஆசிரியரைத் தெரிந்து நியமித்தனர். உடற்பயிற்சித் துறையில் தேர்ச்சி பெற விரும்பியவர்க்குச் சென்னையில் ஹரி குறோ பக் என்னும் அமெரிக்கர் 1920ஆம் ஆண்டில் நிறுவிய வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஒரு வாயிலாக விளங்கியது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழும் அதனைத் தொடர்ந்து வந்த சட்டத்தின்கீழும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பின்னர், அப்பாடசாலைகளில் ஆசிரியர் நியமனம் அரசின் கைக்குச் சென்றது. இன்று தேசிய கல்வியியற் கல்லூரியில் உடற்கல்வி நெறியைப் பயின்று வருவோர் உளர். பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியிற் பட்டம் பெற்று வருவோரும் உளர். இவர்கள் சுகாதாரமும் உடற்கல்வியும் என்னும் பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியராக நியமனம் பெறுகின்றனர்.

இங்கு இளைஞர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பாடத்தைக் கற்பிப்பதற்கான நியமனம் அரசிடமிருந்து வருகின்றது; விளையாட்டுத் துறைப் பொறுப்பு அதிபரால் ஒப்படைக்கப்படுகின்றது. முன்னையதற்கு நியமனக் கடிதம் உண்டு. பின்னையதற்குப் பெரும்பாலும் வாய்ச்சொல்லே உண்டு. ஆகையால் உடற்கல்வியிற் பயிற்சியே பெறாத ஒருவர், வயதில் இளையவர் என்ற ஒரே காரணத்தால் இப்பொறுப்பிற் சிக்கிக்கொள்வதும் நிகழ்கின்றது. இதனை விரும்பி நாடுபவர் பாடசாலையின் நிலையை முன்கூட்டியே விசாரித்து அறிதல் நன்று. பிரதேச செயலகங்களிற் கடமையாற்றும் விளையாட்டு உத்தியோகத்தர் பதவி இதனின் வேறானது. அஃது ஊர்க் கழகங்களோடு தொடர்புடையது. தனியார் பாடசாலைகள் தாமே விளம்பரஞ் செய்து ஆட்களைத் தேர்கின்றன. இவ்வேற்றுமைகளை அறியாது விண்ணப்பிப்பவர் பின்னர் ஏமாற்றமடைவர்.

இனி, இப்பதவியால் ஆவதென்ன என்பதை நோக்குவோம். கொழும்பு வை.எம்.சி.ஏ.யில் உடற்கல்விப் பணிப்பாளராக இருந்த வால்ரர் கமக் என்பவர் 1916ஆம் ஆண்டில் கரப்பந்தாட்டத்தை இந்நாட்டிற்கு அறிமுகஞ் செய்தார். இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து, சிறிதளவு நிலம். வேறொன்றும் வேண்டாத ஆட்டமாதலின் அது கிராமங்கள் தோறும் பரவியது. பனங்காணியிலும் கோயில் வீதியிலும் கடற்கரை மணலிலும் நம்மவர் அதனை ஆடினர். 1991ஆம் ஆண்டில் அது இந்நாட்டின் தேசிய விளையாட்டாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. கமக் வென்ற கேடயம் எது என்று இன்று எவரும் வினவுவதில்லை. அவர் மூலம் எத்தனை பேர் ஆடத் தொடங்கினர் என்பதே அவர் புகழாக நிற்கின்றது.

சாதனையாளர் வேண்டாம் என்பது என் கருத்தன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியிலும் 1956ஆம் ஆண்டு மெல்பேணிலும் ஒலிம்பிக் விழாக்களிற் பங்குபற்றி, 1958ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் உயரப் பாய்தலில் இலங்கைக்கு முதற் பொற்பதக்கத்தை ஈட்டித் தந்தார். அப்பெருமையை எத்தமிழ் மாணவன்தான் மறப்பான்? ஆயினும் பாய்வதற்கு மணற்குழியும் குறுக்குக் கம்பும் பலருக்கும் கிடைக்குமிடத்திலன்றோ அத்தகைய ஒருவர் வெளிப்படுவார்? பத்துப் பேரை மாத்திரம் பாயவிட்டு, அவருள் ஒருவர் ஆசிய வீரராக வேண்டுமென்பது, ஒரு பிடி நெல்லை விதைத்து ஊருக்கே சோறு கேட்பது போலாகும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 1,200 மாணவர் பயிலும் கல்லூரி ஒன்றை எண்ணிக் கொள்க. துடுப்பாட்டத்திற்கு 15 பேர், உதைபந்தாட்டத்திற்கு 18 பேர், கரப்பந்தாட்டத்திற்கு 12 பேர் ஆக 45 பேர். மூன்று வயதுப் பிரிவுக்கும் அணி உண்டெனின் 135 பேர். மெய்வல்லுநர் அணியில் 40 பேரைச் சேர்த்தால் 175. ஒருவரே இரண்டு அணியிலும் ஆடுவதைக் கழிக்காது விட்டாலும், எஞ்சியவர் 1,025 பேர். இல்லப் போட்டியன்று கூடாரத்திலிருந்து கைதட்டுவதே அவர்களுக்குரிய விளையாட்டாகுமானால், அக்கல்லூரியில் விளையாட்டு இருக்கின்றதெனக் கூறலாமா? கேடயத்தைக் கொண்டு பொறுப்பாசிரியரை மதிப்பிடும் கல்லூரி, அவரை 175 பேருக்கு மாத்திரம் ஆசிரியராக்குகின்றது. நல்ல ஆசிரியரோ அந்த 1,025 பேரையும் நினைந்தே உறங்கச் செல்வார்.

ஆகவே பதவியை ஏற்குமுன் இளைஞர் அதிபரிடம் பணிவோடும் தெளிவோடும் கேட்க வேண்டிய வினாக்கள் சில உள. 

முதலாவது, பாடவேளைகளிற் குறைப்பு உண்டா என்பது. பிறருக்கு ஒப்பான நேரசூசியும் அதன்மேல் விளையாட்டுத் துறை முழுவதும் என்றால், இரண்டிலொன்று பழுதுபடும். 

இரண்டாவது, பணம் யார் கையில் என்பது. பந்து வாங்குவதற்கும் மருந்துப்பெட்டி நிரப்புவதற்கும் ஒவ்வொரு முறையும் பழைய மாணவர் வாசலில் நிற்க வேண்டுமெனின், அப்பதவியிற் சுயமரியாதை நிலைப்பது கடினம். 

மூன்றாவது, "இல்லை" என்று கூறும் அதிகாரம் உண்டா என்பது. வயது கடந்தவனை அணியிற் சேர்க்கும்படியும், செல்வாக்குள்ளவர் மகனுக்கு இடமளிக்கும்படியும், காயமுற்றவனை இறுதிப் போட்டியில் இறக்கும்படியும் நெருக்குவோர் எங்கும் உளர். அவ்வேளையில் அதிபர் தம் பக்கம் நிற்பாரா என்பதை முன்னரே அறிதல் வேண்டும்.

நான்காவது வினா உயிரைப் பற்றியது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கிழக்கு மாகாணத்தில், பாடசாலை மரதன் ஓட்டத்திற் பங்குபற்றிய மாணவன் ஒருவன் உயிரிழந்த செய்தி நாட்டையே கலங்கச் செய்தது. நமது வெயிலில் நெடுந்தூர ஓட்டம் என்பது விளையாட்டுச் செய்தியன்று. ஓடுவோர் உடல்நிலை முன்னரே அறியப்பட்டதா, வழியெங்கும் தண்ணீர் உண்டா, முதலுதவி அறிந்தவர் உடன் வருகின்றாரா, வைத்தியசாலைக்கு விரைந்து செல்ல வாகனம் ஆயத்தமா, வெயில் ஏறுமுன் ஓட்டம் முடிந்துவிடுமா என்பவற்றிற்கு விடை வேண்டும். இவ்வொழுங்குகளின்றிப் போட்டியை நடத்தும்படி பணிக்கும் இடத்திற் பதவி ஏற்றல் தகாது. ஒரு தாயின் கண்ணீருக்கு ஈடான கேடயம் உலகில் இல்லை.

ஐந்தாவது, குடும்பத்தோடு ஆராய வேண்டியது. கணிதமும் விஞ்ஞானமும் கற்பிப்பவர் மாலையில் தனியார் வகுப்பு நடத்திப் பொருளீட்டலாம். அதே மாலை வேளையில் விளையாட்டாசிரியர் மைதானத்தில் நிற்கின்றார். சனிக்கிழமையும் அவருக்குச் சொந்தமன்று. இவ்வேற்றுமையை மறைத்து 'சேவை, சேவை' என்று மாத்திரம் புகழ்ந்து இளைஞரை அழைத்தல் நேர்மையாகாது. வருமானம் குறையும் என்பதை அறிந்து, இல்லத்தவரின் சம்மதத்தோடு வருபவரே நிலைத்து நிற்பர்.

இதற்கு மறுப்பாகச் சிலர் இரண்டு நியாயங் கூறுவர். பெற்றியே கல்லூரிக்குப் பெயரைத் தரும், பழைய மாணவரை ஒன்றுசேர்ப்பதும் அதுவே என்பது ஒன்று. இதில் உண்மை உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டு தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி, கடல் கடந்து வாழ்வோரையும் ஊருக்கு அழைக்கும் ஆற்றலுடையது. அத்தகைய போட்டிகள் வாழ்க! ஆனால் ஆண்டிற்கு ஒருமுறை வரும் திருவிழாவிற்காக நித்திய பூசையைக் கைவிடுவார் உண்டோ? மாணவர் மாலையானதும் தனியார் வகுப்புக்கு ஓடுகின்றனர், அவரை எவ்வாறு மைதானத்திற்கு அழைப்பது என்பது மற்றொன்று. இது மெய்யான இடர்ப்பாடு. அணிக்குரியவன் மூன்று மணிநேரம் நிற்க வேண்டும். ஏனையோருக்கு வாரத்தில் இருமுறை, முக்கால் மணிநேரம் போதும். பாடசாலை விட்டவுடன் வகுப்பு வகுப்பாக ஒரு வலையும் ஒரு பந்தும் கொடுத்தால், தனியார் வகுப்புக்குச் செல்பவனும் வியர்வை சிந்தியபின் செல்லலாம். சுவர் இருந்தாலன்றோ சித்திரம்? உடல் தளர்ந்த மாணவன் இரவிற் புத்தகத்தின் முன்னே உறங்குகின்றான் என்பதைப் பெற்றோரே அறிவர்.

பழைய மாணவராகிய நமக்கும் இதிற் கடமை உண்டு. விழாக் காலத்தில் நினைவுக் கேடயம் வழங்க முன்வருவோர் பலர். மைதானத்தைப் பேணும் ஊழியருக்கு மாதந்தோறும் வேதனம் வழங்க முன்வருவோர் சிலரே. கேடயத்திற் பெயர் பொறிக்கலாம், வெட்டிய புல்லிற் பெயர் பொறிக்க இயலாது என்பதே அதற்குக் காரணம் போலும். இந்த நிறைவு விழா ஆண்டிலே நம் சங்கத்தார் அதிபருடன் கலந்து, விளையாட்டுப் பொறுப்பாசிரியரின் கடமைகளையும் உரிமைகளையும் ஓர் ஏட்டில் எழுதி வைக்க உதவுவாராக. ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை ஒதுக்கி, அதனைக் கணக்குக் காட்டிச் செலவிடும் உரிமையை அவருக்குப் பெற்றுத் தருவாராக. அணித் தெரிவிலே தலையிடாதிருப்பதாக உறுதி பூணுவாராக. அவர் ஆண்டறிக்கையில் வெற்றிகளின் தொகையோடு, இவ்வாண்டு மைதானத்தில் இறங்கிய மாணவர் தொகையையும் கேட்பாராக. நாம் எதனைக் கேட்கின்றோமோ அதனையே கல்லூரி நமக்குத் தேடித் தரும்.

இதனை வாசிக்கும் மாணவரே! நுமக்கு விளையாட்டில் அன்பும், பிறர்பாற் பொறுமையும், கணக்கெழுதும் ஒழுங்கும் உண்டாயின் இப்பதவியை நாடுக. நல்ல வீரன் என்பது மாத்திரம் இதற்குத் தகுதியாகாது. தான் ஓடுவதினும் பிறனை ஓடச் செய்வதில் மகிழ்பவனே இதற்குரியவன். நாடிய இடத்தில் மேற்கூறிய வினாக்களை வினவுக. விடை திருப்தியாயின் தயங்காது ஏற்றுக்கொள்க. பந்தைக் கண்டு அஞ்சி ஒதுங்கிய சிறுவன் ஒருவன், நும்மால் ஒருநாள் வலைக்கு அப்பால் அதனை அடித்துவிட்டுத் தன்னையே வியந்து நிற்பான். அவன் பெயர் எக்கேடயத்திலும் பொறிக்கப்படாது. ஆயினும் அவன் உடலும் உள்ளமும் உறுதி பெறுதலே நம் கல்லூரி அன்னை விரும்பும் செல்வமாகும்.