கோபுரம் வந்தால் போதுமா?

சங்க இதழில் தொழில்நுட்பக் கட்டுரையா என்று சிலர் புருவம் உயர்த்தலாம். மட்டாஞ்சேரியில் வாடகை வீட்டில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இன்டர்நெட் இப்போது குழாய்த் தண்ணீர் போல ஆகிவிட்டது. பள்ளி அறிவிப்பு, ஊருக்குப் பணம் அனுப்புவது, ரயில் டிக்கெட், வேலைக்கு விண்ணப்பம் எல்லாமே செல்போன் வழியாகத்தான். ஆகவே, ‘5ஜி வந்துவிட்டது, அடுத்தது 6ஜி’ என்ற விளம்பரங்களைத் தாண்டி நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கொச்சிக்குப் புதுமைகள் தாமதமாக வந்ததில்லை. கேரளத்தின் முதல் செல்போன் அழைப்பு 1996 செப்டம்பரில் இங்கிருந்துதான் போயிற்று. பேசியவர் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை. 2022 அக்டோபரில் இந்தியாவில் தொடங்கிய 5ஜி, அந்த டிசம்பரிலேயே கொச்சிக்கு வந்தது. இங்கிருந்து லட்சத்தீவுக்குப் போட்ட கடலடிக் கேபிள் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. கடல் தாண்டி 11 தீவுகளுக்குப் போகிற இணைப்பு, பஜார் ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்துக்குள் நுழைவதற்குள் மூச்சு வாங்குகிறதே, ஏன்?

அலைவரிசையின் அதிர்வெண் கூடக் கூட அது சுமக்கும் தகவலும் கூடும். சுவரைத் துளைக்கும் சக்தி குறையும். இந்திய 5ஜியின் பெரும் சுமையைத் தாங்குவது 3,300 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை. 26,000 மெகாஹெர்ட்ஸ் அலைக்கோ சுவர் என்றாலே ஆகாது. இங்குள்ள பழைய வீடுகளும் கிடங்குகளும் மிளகையும் சுக்கையும் காப்பதற்காகத் தடித்த சுவர் வைத்துக் கட்டப்பட்டவை. என் வீட்டில் திண்ணையில் நின்றால் படம் பார்க்கலாம், அடுப்படிக்குப் போனால் ‘ஹலோ, ஹலோ’தான்!

இன்னொன்று, காற்றில் வருவது பங்கு போட்டுக்கொள்ளும் சரக்கு. ஒரு கோபுரத்தின் கொள்ளளவைச் சந்து முழுவதும் பிரித்துக்கொள்கிறது. இரவு 8 மணிக்கு எல்லோரும் வேலை முடிந்து வந்து போனை எடுத்ததும் வேகம் படுத்துவிடுகிறது. கோபுரத்தின் காலடி வரை கண்ணாடி இழைக் கம்பி நன்றாக வந்திருக்க வேண்டும். கம்பியில்லா இணைப்பும் கடைசியில் கம்பியை நம்பித்தான் நிற்கிறது.

கூரையில் ஒரு பெட்டியை வைத்து, 5ஜி அலையை வாங்கி வீட்டுக்குள் வைஃபை தரும் முறை 2023-ல் பெரிய நிறுவனங்களால் கொண்டுவரப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூரை வீட்டுக்காரருடையது அல்லவா? ஓர் ஆணி அடிக்கவே அனுமதி கேட்கிறவர்கள் நாம். கே-ஃபோன் திட்டம் 2023 ஜூனில் தொடங்கியபோது 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்றார்கள். முதல் கட்டத்தில் தொகுதிக்கு 100 வீடு. ரேஷன் கார்டு தேனியிலும் தென்காசியிலும் இருக்கும்போது நம் பெயர் அந்தப் பட்டியலில் எங்கே வரும்?

இந்தச் சிக்கலுக்கு நம்மவர்கள் முன்பே ஒரு வழி பார்த்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990-களில் ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லா முறையை உருவாக்கினார்கள். பேச்சும் இன்டர்நெட்டும் ஒரே சமயத்தில் போகும். வேகம் நொடிக்கு 35 கிலோபிட், தனியே வந்தால் 70. இன்றைக்குச் சிரிப்பு வரும். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் 2001 வாக்கில் இதை வைத்துப் பொது இன்டர்நெட் நிலையங்கள் திறந்தார்கள். பின்னால் பல மூடப்பட்டன. ஆனாலும் வீட்டுக்கு ஒன்று இல்லாவிட்டால் ஊருக்கு ஒன்று என்ற அந்த யோசனை எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது.

செயற்கைக்கோள் இன்டர்நெட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். ஸ்டார்லிங்குக்கு 2025-ல் இந்திய உரிமம் கிடைத்தது. தீவுக்கும் மலைக்கும் அது வரப்பிரசாதம். திறந்த வானம் வேண்டிய அந்தச் சங்கதி, நெருக்கிக் கட்டிய நம் சந்துக்கு ஒத்துவராது. 6ஜி வந்தாலும் சுவர் சுவர்தான்.

நமக்கு உதவக்கூடியது யாரும் அதிகம் பேசாத ‘பி.எம். வாணி’. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த இத்திட்டப்படி டீக்கடைக்காரர்கூட உரிமமோ கட்டணமோ இல்லாமல் வைஃபை விற்கலாம். 2022-க்குள் நாடு முழுவதும் 1 கோடி பொது வைஃபை இடங்கள் என்று 2018 கொள்கையில் எழுதினார்கள். 2025-லும் எண்ணிக்கை சில லட்சத்தோடு நின்றது. கடைக்காரருக்குக் கம்பி இணைப்பை நிறுவனங்கள் ஏகப்பட்ட விலை சொல்லி விற்றது ஒரு முக்கியக் காரணம். 2025 ஜூனில் டிராய் இதற்குக் கடிவாளம் போட்டது. 200 எம்.பி.பி.எஸ். வரை, வீட்டுக் கட்டணத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது.

பொது வைஃபையால் என்ன ஆகும் என்கிறீர்களா? எறணாகுளம் ஜங்ஷனில் மூட்டை தூக்கிய ஒரு போர்ட்டர், ஸ்டேஷனின் இலவச வைஃபையில் பாடம் கேட்டுக் கேரள அரசுத் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறினார். 2018-ல் எல்லாப் பத்திரிகையிலும் வந்த செய்தி இது.

எனவே சங்கம் தன் பெயரில் ஓர் இணைப்பு வாங்கி வாணி இடமாக நடத்த வேண்டும் என்பது என் கருத்து. பொங்கல் மலர் விளம்பரப் பணத்தில் ஒரு பகுதி போதும். டீக்கடை பெஞ்சில் ஆண்கள் உட்காரலாம். பெண் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க வெளிச்சமுள்ள அறை வேண்டும். நம் சங்க அலுவலகத்தின் முன்னறை மாலை 6 முதல் 9 வரை பூட்டித்தான் கிடக்கிறது.