எண்ணப்பட்டது என்னும் சொல்

விசுவாசத்தினால் நீதி என்னும் கிறித்தவக் கோட்பாட்டைக் ‘கணக்குப்புத்தக மோசடி’ என்று எள்ளுவது இலக்கிய நண்பர்கள் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. செய்யாத நன்மையை வரவில் எழுதி, செய்த தீமையைப் பற்றிலிருந்து அடித்துவிடும் கடவுள் என்ன கடவுள் என்கிறார்கள். கேட்க நயமாகத்தான் இருக்கிறது. மூலநூலைத் திறந்து பார்த்தவர் இவ்வாறு பேசத் துணியார் என்பது நம் கருத்து.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுல் கையாளும் கிரேக்க வினைக்குக் கணக்கிடுதல், கருதுதல் என இரு பொருளுண்டு. தமிழின் ‘எண்ணுதல்’ அவ்விரண்டையும் ஒருங்கே சுமக்கிறது. (எண் என்றால் இலக்கம் மட்டுமே என்று நினைப்போர் அகராதியைப் புரட்டுக.)

நீதியாக எண்ணப்பட்டது என்னும் தொடர் எபிரேய வேதத்தில் இருவரைக் குறித்து வருகிறது. ஒருவர் ஆபிரகாம். மற்றவன் பினெகாஸ், ஓர் இஸ்ரவேலனையும் அவன் அழைத்துவந்த மீதியானியப் பெண்ணையும் ஈட்டியால் குத்திக் கொன்றவன். அச்செயலே அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்கிறது 106ஆம் சங்கீதம். அந்நியரை விலக்கும் வைராக்கியத்துக்கு அவன் முன்மாதிரி. மக்கபேயர் முதல் நூல் அவனைப் போற்றுகிறது. வைராக்கியத்தால் சபையைத் துன்புறுத்திய பவுலுக்கு அவன் அந்நியனல்லன். ஆயினும் இங்கே அவன் பெயரையே எடாமல் ஆபிரகாமிடம் செல்கிறார். சென்று, எப்போது எண்ணப்பட்டது என்று கேட்கிறார். நீதி எண்ணப்பட்டது ஆதியாகமம் 15இல். விருத்தசேதனம் வருவதோ 17இல். உடலில் அடையாளம் ஏறுமுன்பே எண்ணப்பட்டதாயின், அடையாளமற்ற புறவினத்தாரும் ஆபிரகாமின் பிள்ளைகளே. பந்தியில் யார் உட்காரலாம் என்னும் வழக்கு இது. அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரின் பந்தியைவிட்டு விலகியபோது பவுல் அவரை முகத்துக்கு முகம் எதிர்த்ததும் இதன்பொருட்டே.

பின்னாளில் இவ்வழக்குத் தனிமனிதனின் கலங்கிய மனச்சாட்சிக்குள் சுருங்கியது. 1522இல் லூத்தர் தம் செருமானிய மொழிபெயர்ப்பில் ‘மட்டும்’ என்றொரு சொல்லைச் சேர்த்தார். 1547இல் திரெந்துச் சங்கம் மறுத்துரைத்தது. 1999இல் ஆக்ஸ்பர்க்கில் இரு தரப்பும் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன.

நண்பர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தமக்கு வரவு வைக்கப்பட்டாயிற்று என்று மேடையில் களிகூர்ந்தவாறே, இறந்தவர்க்குச் சாதிவாரியாகக் கல்லறை பிரித்துக் கொடுத்த திருச்சபைகள் தமிழகத்தில் உண்டு. மோசடி என்று எழுத விரும்புவோர் அந்தச் சுவரிலிருந்து தொடங்கட்டும்.