அப்பாவுக்குப் புது போன் வாங்கி அனுப்பும் முன்

கொஞ்சம் நீளமான பதிவு. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அவசியம் படியுங்கள்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வரும் பிள்ளைகள் பலர் கையில் ஒரு புது போனோடு வருகிறார்கள். "அப்பா போன்ல டவரே எடுக்க மாட்டேங்குது சார், அதான் நல்லதா ஒண்ணு வாங்கிட்டேன்" என்கிறார்கள். பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அந்தப் போனும் அதே திண்ணையில் ஒற்றைக் கோட்டோடு கிடக்கிறது. பையன் பெங்களூருக்குப் போய்விட்டான். அப்பா பழையபடி மொட்டை மாடிக்கு ஏறுகிறார்.

நோய் எங்கே என்று பார்க்காமல் மருந்து வாங்குகிறோம் என்பதுதான் என் வருத்தம். கோளாறு போனிலா, வீட்டிலா, டவரிலா என்று முதலில் பிரிக்க வேண்டும். டவரில்தான் என்று தெரிந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது.

பிரிப்பது எப்படி? ஆய்வகத்தில் உங்களுக்கு நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அப்பாவின் சிம்மை எடுத்து, நன்றாக வேலை செய்யும் இன்னொரு போனில் போட்டு, அதே இடத்தில் நின்று பாருங்கள். அங்கே எடுத்தால் பழைய போனில் கோளாறு. அங்கேயும் எடுக்கவில்லையா? அதே நிறுவனத்து சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள். அவருக்கு நன்றாக எடுத்தால் உங்கள் சிம்மைச் சந்தேகப்படலாம். 3ஜி காலத்து சிம்மை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கும் பெரியவர்கள் ஏராளம். அதைக் கொடுத்து 4ஜி சிம் வாங்கினாலே சரியாகிவிடும். அவருக்கும் எடுக்கவில்லை என்றால் கோளாறு டவர் பக்கம். இதற்கு ஆகும் நேரம் கால் மணி. செலவு ஒன்றுமில்லை.

போன் என்று முடிவானாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். பிளைட் மோடில் அரை நிமிடம் போட்டு எடுத்தால் போன் டவரோடு புதிதாகத் தன்னைப் பதிந்துகொள்ளும். செட்டிங்கில் வோல்ட்இ அணைந்திருந்தால் 4ஜி மட்டும் உள்ள நிறுவனத்தில் கோடு இருந்தும் பேச முடியாது. 5ஜியும் 4ஜியும் மாறி மாறி வந்து கொண்டிருந்தால் 4ஜியில் நிறுத்தி வையுங்கள். பேட்டரியும் கொஞ்சம் தாங்கும்.

அந்தக் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. எத்தனை கோடு காட்டுவது என்பது போன் தயாரிப்பவர் இஷ்டம். ஒரே இடத்தில் ஒரு போன் இரண்டு காட்டும், இன்னொன்று நான்கு காட்டும். உண்மையான அளவு வேண்டுமானால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் 'அபவுட் போன்' என்ற இடத்தில் சிம் நிலையைத் திறந்து பாருங்கள். மைனஸ் 85, மைனஸ் 110 என்று டிபிஎம் கணக்கில் ஓர் எண் இருக்கும். 4ஜியில் மைனஸ் 85 தாராளம். மைனஸ் 110 திண்டாட்டம். வித்தியாசம் வெறும் 25 தானே என்று எண்ண வேண்டாம். இது மடக்கைக் கணக்கு. பத்து குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்கு. இருபது குறைந்தால் நூறில் ஒரு பங்கு. பதினொன்றாம் வகுப்பில் "மடக்கை எதுக்கு சார் பயன்படும்?" என்று கேட்டவர்கள் இப்போது கையில் பிடித்துப் பார்க்கலாம்.

வாசலில் மைனஸ் 90, உள் அறையில் மைனஸ் 112 என்றால் குற்றவாளி வீடு. தகரக் கூரையும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் அலையைத் தடுக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டுகிற அளவுக்கு 2300, 3300 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தாண்டுவதில்லை. இந்த வீடுகளுக்குப் புது போனைவிட வீட்டு இன்டர்நெட்டும், போனில் 'வைஃபை காலிங்' வசதியும் நல்ல மருந்து. ஆன்லைனில் விற்கும் பூஸ்டரை மட்டும் வாங்கி மாட்டாதீர்கள். அனுமதி இல்லாமல் அதைப் பொருத்துவது சட்டவிரோதம். அது கிளப்பும் இரைச்சலில் தெருவில் மற்றவர்களின் சிக்னலும் கெடும்.

கோடு நிறைய இருந்தும் கால் போகாத நாட்கள் உண்டு. எங்கள் ஊர்த் திருவிழாவில் வருடாவருடம் நடக்கும். ஒரு டவர் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் இடம் கொடுக்க முடியும். நாற்பது பேர் வகுப்பில் நாற்பது பேரும் சேர்ந்து பதில் சொன்ன கதைதான். விழா முடிந்தால் சரியாகும். தினமும் மாலை ஏழு மணிக்கு இப்படி ஆனால் அது நிறுவனம் தீர்க்க வேண்டிய விஷயம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். போன ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். காஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் வாசலில் நிற்கிறான், அவனுக்குச் சொல்ல வேண்டிய எண் போனுக்கு வரவில்லை. மாடிக்குப் போனால் வரும் என்று ஏறியிருக்கிறார். அதே நிறுவனத்து சிம் வைத்திருக்கும் வீடுகளில் நான் பிறகு விசாரித்தேன். இரண்டு வருடமாக எல்லோருக்கும் அதே கஷ்டம். ஒருவர்கூடப் புகார் கொடுத்ததில்லை. "இங்க அப்படித்தான் சார்" என்றார்கள். நிறுவனத்தின் கணக்கில் அந்தத் தெருவில் குறையே இல்லை!

வங்கி, ஓய்வூதியம், ரேஷன் கடைக் கைரேகைக் கருவி எல்லாம் டவரை நம்பித்தான் ஓடுகின்றன. குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடத்தோடு சாலையில் உட்காரும் நாம், சிக்னல் வராவிட்டால் மட்டும் ஏன் ஏணியைத் தேடுகிறோம்?

198க்கு அழைத்தோ, நிறுவனத்தின் செயலியிலோ புகார் பதியுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் அமைப்பு தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றமே 2022 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. 2024இல் வந்த விதிப்படி ஒவ்வொரு நிறுவனமும் எங்கெங்கே சேவை இருக்கிறது என்ற வரைபடத்தைத் தன் இணையதளத்தில் போட வேண்டும். வரைபடத்தில் உங்கள் ஊர் 4ஜி நிறத்தில் இருந்து, வாசலில் மைனஸ் 115 காட்டினால், இரண்டையும் படம் பிடித்துப் புகாரோடு சேருங்கள். அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அதே விதியில், 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் வாடிக்கையாளருக்கு ஈடு உண்டு. ஆனால் மாவட்டம் முழுக்க நிற்க வேண்டுமாம்! ஒரு கிராமம் மூன்று நாள் இருட்டில் கிடந்தால் அது கணக்கில் வராது. இது போதாது என்பது என் உறுதியான கருத்து. கணக்கு ஊராட்சி அளவில் இருக்க வேண்டும்.

ஊர்க்காரர்களுக்கும் ஒன்று சொல்வேன். கதிர்வீச்சு வரும் என்று டவரை விரட்டிவிட்டு, சிக்னல் இல்லை என்று குறைப்பட முடியாது. உலக வழிகாட்டு அளவில் பத்தில் ஒரு பங்குக்குமேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு விதி. டவர் தூரத்தில் இருந்தால் காதில் வைத்திருக்கும் போன்தான் அதிக வலிமையோடு அலை அனுப்ப வேண்டியிருக்கும்.

அவசரத்துக்கு ஒன்று மட்டும். போனில் 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று காட்டினால், நம் நிறுவனத்து டவர் கிடைக்கவில்லை, வேறு நிறுவனத்து டவர் அருகில் இருக்கிறது என்று பொருள். 112ஐ அழைத்துப் பாருங்கள். இதை வீட்டுப் பெரியவர்களுக்கு ஒருமுறை செய்துகாட்டுவதைவிடப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவது நல்லது.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது சிம்மை மாற்றிப் பார்க்கும் சோதனையை அப்பாவோடு உட்கார்ந்து செய்யுங்கள். புகார் கொடுத்தால் அந்த எண்ணைத் தேதியோடு காலண்டரில் எழுதிவிட்டுப் போங்கள். மேல்முறையீட்டுக் கடிதம் எழுத உதவி வேண்டுமானால் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.