பெண்களுக்குக் காமெடி வராதாம்!

தொழிற்சாலைகள் நிறைந்த சுங்குவார்சத்திரத்தில் ஷிப்ட் விட்டு வரும் கம்பெனி பஸ்களில் ஒருமுறை ஏறிப் பார்க்கவேண்டும். கழுத்தில் ஐடி கார்டு, கையில் காலி டிபன் பாக்ஸ், நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கால்வலி. ஆனாலும் ஒருத்தி எழுந்து, டார்கெட் முடியவில்லை என்று கத்தும் சூப்பர்வைசரை நடையும் குரலுமாக நடித்துக்காட்டுவாள். இறங்கும்வரை பஸ்ஸில் சிரிப்பு அடங்காது.

அதே பஸ்ஸின் செல்போன்களில் ஓடும் காமெடி கிளிப்புகளில் பெரும்பாலும் ஆண்கள்தான். கேட்டால், ‘பெண்களுக்குக் காமெடி வராதுங்க. மனோரமா, கோவை சரளா, அப்புறம் யார்?’ என்பார்கள்.

அப்புறம் இருக்கட்டும், முன்னால் யார் என்று பார்ப்போம். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதான நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், 1947இல்தான் விடுதலையானார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. அந்த நாட்களில் நாடகம் நடத்தி, வழக்குக்குப் பணம் புரட்டியவர், அவர் மனைவியும் நகைச்சுவை நடிகையுமான டி.ஏ. மதுரம். ஊர் இன்றும் அவரை ‘கலைவாணரின் ஜோடி’ என்றுதான் சொல்கிறது.

மனோரமாவையே எடுத்துக்கொள்வோம். 1958இல் ‘மாலையிட்ட மங்கை’யில் நகைச்சுவை வேடத்தில் தொடங்கியவர். 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் ஜில்ஜில் ரமாமணி. அதே ஆண்டு ‘பொம்மலாட்ட’த்தில் சென்னைத் தமிழில் சொந்தக் குரலில் பாட்டு. ஒரே வருஷத்தில் இரண்டு வேறு உலகத்துப் பெண்கள். ஆயிரம் படம் தாண்டிக் கின்னஸில் பெயர் ஏறியது.

கோவை சரளாவுக்கு 1995இல் ‘சதிலீலாவதி’ கிடைத்தது. பாலு மகேந்திரா இயக்கம், கிரேஸி மோகன் வசனம். கமலுக்கு மனைவியாகக் கொங்குத் தமிழில் வெளுத்துவாங்கினார். அதற்குப் பிறகு? பெரும்பாலும் புருஷனை விளக்குமாற்றால் அடிக்கும் வேடங்கள்தான். நல்ல வசனம் கொடுத்தால் படமே அவர் தோளில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்தபிறகும், எழுதிக் கொடுக்க ஆளில்லை. எழுதாமலே விட்டுவிட்டு ‘வராது’ என்பது, அடுப்பே பற்றவைக்காமல் அரிசி வேகவில்லை என்று குறைசொல்வதுபோல.

இங்கிலாந்தில் நகைச்சுவை நடிகை விக்டோரியா வுட், யாராவது எழுதித் தரட்டும் என்று காத்திருக்கவில்லை. தானே எழுதினார், தானே நடித்தார். 1998 முதல் 2000 வரை பிபிசியில் வந்த ‘டின்னர்லேடீஸ்’ தொடருக்குக் களம் மான்செஸ்டரில் ஒரு தொழிற்சாலை கேன்டீன். ரொட்டி வாட்டுவதும் டீ ஊற்றுவதுமாகப் பெண்கள் பேசும் பேச்சுதான் கதை. 16 எபிசோடுக்கு அது தாங்கியது.

கேன்டீனுக்கு இங்கே என்ன பஞ்சம்? ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் 2024இல் தொழிற்சாலைப் பெண்களுக்காக அரசு திறந்த விடுதியில் மட்டுமே 18,720 பேர் தங்கலாம். இந்தப் பகுதித் தொழிற்சாலைப் பெண்கள் தலைப்புச் செய்தியானது அதற்கு முன்பு, 2021 டிசம்பரில், வேறொரு விடுதியில் சாப்பாடு நஞ்சாகி நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோது. அவர்கள் அழுதால் கேமரா வருகிறது. சிரித்தால் ஒருவரும் வருவதில்லை.

அடுத்த மெகா தொடருக்கு வில்லி மாமியார் தேடிக்கொண்டிருக்கும் சேனல்காரர்களே, ஒரு ஷிப்ட் பஸ் ஏறுங்கள். சூப்பர்வைசரை நடித்துக்காட்டும் அந்தப் பெண்ணிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். எழுதியதற்குச் சம்பளம் கொடுங்கள். டைட்டிலில் ‘வசனம்’ என்று போட்டு அவள் பெயரைப் போடுங்கள்.