ஆவணியில் வந்து பார்

போன கிழமை மருமகன் போன் எடுத்தான். அறிவியல் நகரில், பொறியியல் பீடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவி மானிப்பாய்க்காரி. மகளுக்கு முதலாம் வகுப்பு தொடங்கப் போகிறது. "மாமா, கிளிநொச்சி டவுனுக்கை வீடு எடுக்கிறதோ, உங்கட அக்கராயன் பக்கம் காணி பாக்கிறதோ?"

இப்படி ஆறுதலாக யோசித்து ஊர் பார்க்கிற வாய்ப்பு வன்னிக்கு வந்த கனபேருக்குக் கிடைக்கவில்லை. 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்தவர்கள் காடு வெட்டித்தான் குடியேறினார்கள். நாங்கள் 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு, பிறகு கிளாலியில் வள்ளம் ஏறி வந்தோம். ஐயா மூன்று இடம் பார்த்தார். ஓரிடத்தில் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே, ஆனால் கிணறு உவர். மற்றது தெருக்கரை, பேருக்கும் ஒரு மரம் இல்லை. அக்கராயனில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்த ஐயா, "இங்கையே இருப்பம்" என்றார். அம்மா அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை.

அடுத்த வருடம் கிளிநொச்சி நகரம் படையினரிடம் போய்விட்டது. கிளிநொச்சி ஆஸ்பத்திரி எங்கள் அக்கராயனுக்கு வந்து இயங்கியது. ஸ்கந்தபுரமும் மல்லாவியும் சனத்தால் நிறைந்தன. டவுனுக்குப் போக வழியில்லாதிருந்த எங்களைத் தேடி டவுனே நடந்து வந்தது. பிறகு அது திரும்பிப் போனது. 2008இல் நாங்களும் எழும்பி ஓடினோம். 2010இல் வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. மூன்று நாள் இறைத்துத் துப்புரவாக்கினோம். தண்ணீர் அதே ருசி.

இதையெல்லாம் சொன்னால் மருமகன் சிரிப்பான். அவனுக்கு வேண்டியது டியூசனும் வங்கியும். 2013இல் ரயிலும் கிளிநொச்சிக்குத் திரும்பிவிட்டது. பிள்ளைக்கு நடுச்சாமத்தில் காய்ச்சல் என்றால் டவுன்தான் நல்லது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வேலைக்கு இங்கிருந்து முறிகண்டிக்கு ஏறி ஏ9 வீதியால் போய்விடலாம்.

"தையிலை வந்து பாக்கட்டோ?" என்றான். வேண்டாம் என்றேன். தையில் குளம் நிரம்பி, வயல் பச்சையாய்க் கிடக்கும். அந்த மாதத்தில் வன்னியில் எந்த ஊரும் வடிவுதான். ஆவணியில் வா. கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறதென்று கயிறு விட்டுப் பார். வயலும் சேர்த்து வாங்குகிறதென்றால், போன சிறுபோகத்துக்கு அந்த வயலுக்கு எவ்வளவு பங்கு கிடைத்ததென்று கேள். குளத்தில் தண்ணீர் குறைந்த வருடத்தில் கமக்காரர் கூட்டத்தில்தான் விதைப்புப் பரப்பை முடிவெடுப்பார்கள். இரண்டு ஏக்கர்க்காரன் அரை ஏக்கரோடு நிற்பான்.

இன்னொன்று, உறுதி. இங்கே அனேகம் பெமிற் காணி, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. கைக்கடிதம் எழுதி, காசைக் கொடுத்து வாங்கிவிட முடியாது. பிரதேச செயலகத்துக்குப் போய் விசாரிக்காமல் ஒரு ரூபாயும் அட்வான்ஸ் கொடுக்காதே.

ஆவணியில் வருகிறானாம். மனைவியையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். போத்தல் தண்ணீர் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.