அமர்ந்த கணக்கும் அறிந்த கணக்கும்

கணக்கு என்பது எண்ணுவதற்கு மட்டும் உரியதன்று. எதனை எண்ண வேண்டும் என்று தேர்ந்து தெளிதற்கும் உரியது. எண்ணத் தகாததை எண்ணி, எண்ணத் தக்கதை விட்டுவிடுபவன் எத்துணை விரைவாகக் கூட்டினாலும் கழித்தாலும் கணக்கறிந்தவன் ஆகான். நம் பொறியியற் கல்லூரிகளில் முதற்பருவ நுண்கணக்குப் பாடத்திற்குரிய வருகை நெறியும் மதிப்பெண் நெறியும் இத்தகைய பிழைக்கணக்காகவே இருக்கின்றன என்பதை இங்கு எடுத்துக்காட்டுகின்றோம்.

முதற்கண் நெறிகளை உள்ளவாறே காண்போம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்குரிய 2021ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஒரு பருவத்தில் 75 விழுக்காடு வருகையுள்ள மாணவரே இறுதித் தேர்வெழுத உரியவர். நோய் முதலிய கரணியங்களால் 65 விழுக்காட்டிற்கும் 75க்கும் இடைநிற்பவர் சான்று காட்டி இசைவு பெறலாம். அதற்கும் குறைந்தவர் அப்பருவத்தையே அடுத்த ஆண்டில் மீண்டும் பயிலல் வேண்டும். எழுத்துப் பாடங்களுக்கு அகமதிப்பீடு 40, இறுதித் தேர்வு 60 என மதிப்பெண் பகுக்கப்பட்டுள்ளது.

அந்நெறிமுறையின் முதற்பருவப் பாடம் ‘அணிகளும் நுண்கணிதமும்’ என்பது. அதற்கு ஒதுக்கப்பட்ட பாடவேளைகள் 60. அவற்றுள் 45 விரிவுரைக்கு, 15 பயிற்சிக்கு. இனி, இப்பாடத்தை மட்டும் தனியே எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். விரிவுரைகள் 45இலும் வாய்மூடி அமர்ந்திருந்து, பயிற்சி வேளைகளில் ஒன்றுக்கேனும் வாராத மாணவனின் வருகை எவ்வளவு? 60இல் 45, அஃதாவது சரியாக 75 விழுக்காடு! எழுதுகோலை ஒருமுறையும் கையிலெடுத்துக் கணக்குப் போடாதவன் நெறிக்கு உட்பட்டவன் ஆகிவிட்டான். மற்றொருவன் 15 பயிற்சிக்கும் தவறாது வந்தவன். தாய் நோயுற்றமையால் விரிவுரைகளில் 16ஐ இழந்தவன். அவன் வருகை 60இல் 44, 73.3 விழுக்காடு. கணக்குப் போட்டவன் தடைப்பட்டு நிற்க, போடாதவன் உள்ளே போகின்றான்! நெறி எல்லாப் பாடங்களின் வேளைகளையும் ஒருங்கே கூட்டித்தான் விழுக்காடு காண்கின்றது என்பர். ஆம்; அதனால் இக்குறை மறைகின்றதேயன்றி நீங்கவில்லை.

நுண்கணக்கு கேட்டறியும் கலை அன்று, செய்தறியும் கலை. நாற்புறமும் 10 அடியுள்ள ஒரு சதுர நிலத்தை நினைத்துக் கொள்வோம். பக்கத்தை 10.1 அடியாக்கினால் பரப்பு 2.01 சதுர அடி கூடும்; 10.01 அடியாக்கினால் 0.2001 சதுர அடி கூடும். கூடிய பரப்பைக் கூடிய நீளத்தால் வகுத்தால், முன்னதற்கு 20.1, பின்னதற்கு 20.01. நீட்டம் சிறுகச் சிறுக, ஈவு 20ஐ நெருங்கிக்கொண்டே போகின்றது. அந்த நெருங்குமிடமே எல்லை. அந்த 20தான் வகைக்கெழு. இதனைத் தானே ஒருமுறை வகுத்துப் பார்த்த பிள்ளை வாழ்நாளில் மறவான். வாய்பாட்டை உருப்போட்டவனும் 20 என்று எழுதிவிடுவான்; ‘ஏன்?’ என்று கேட்டால் விழிப்பான். விடை ஒன்றே, அறிவு ஒன்றன்று. இவ்விருவரையும் வேறு பிரித்துக் காட்டாத மதிப்பெண் எதனை மதிப்பிடுகின்றது?

இந்நெறியால் மிகுதியும் நலிபவர் யாவர்? சிற்றூர்களில் அரசுப் பள்ளிகளில் தமிழ்வழிப் பயின்ற நம் பிள்ளைகளே! அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்கல்வியில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2021இல் வந்தது. வாயில் திறந்தது, மகிழ்ச்சியே! ஆனால் உள்ளே நுழைந்தவுடன் என்ன நேர்கின்றது? சார்பு, எல்லை, வகையிடல், தொகையிடல் என்று மேனிலை வகுப்புகளில் தெள்ளத்தெளியக் கற்றவன், அதே கருத்துகளை அயன்மொழி ஒலியில் கேட்டுத் திகைக்கின்றான். தெரிந்ததே தெரியாததாகத் தோன்றுகின்றது. முதல் அகத்தேர்வில் மதிப்பெண் சரிகின்றது; நாணம் வருகின்றது; நாணத்தால் வகுப்பைத் தவிர்க்கின்றான்; வருகை குறைகின்றது; தேர்வுரிமை போகின்றது. அவன் அறிவில் குறைந்தவனா? இல்லை! மொழியால் ஒருமுறை ஒறுக்கப்பட்டவனை வருகையால் மறுமுறை ஒறுக்கின்றோம்.

‘தமிழில் நுண்கணக்கா?’ என்று நகைப்பார் இன்றும் உளர். பதினாறாம் நூற்றாண்டில் சேரநாட்டுச் சேட்டதேவர், மாதவர் வழிவந்த முடிவிலாத் தொடர்களை மெய்ப்பித்து விளக்கிய ‘யுக்திபாசா’ என்னும் நூலைச் சமற்கிருதத்தில் எழுதாமல், மக்கள் மொழியாகிய மலையாளத்தில் எழுதினார். இலைப்பினீசு தம் வகையீட்டு முறையை வெளியிட்டது 1684இல்! தமிழின் மகளாகிய மொழிக்கு அன்றே இயன்றது தாய்க்கு இன்று இயலாதா? 2010இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடவியலும் இயந்திரவியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. 2023இல் உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்பெழுந்தபின் அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. சேர்வோர் குறைவு என்றனர். நீர் பாய்ச்சாமல் பயிர் வாடியதென்று உழவன் நிலத்தைப் பழிப்பதுண்டா?

வருகை நெறியே வேண்டா என்று நாம் கூறவில்லை. ஊர்சுற்றித் திரிபவனுக்கு நாம் வழக்குரைஞர் அல்லேம். மக்கள் வரிப்பணத்திலும் பெற்றோர் வியர்வையிலும் கற்க வந்தவன் வகுப்பிற்கு வருதல் கடனே. நாம் கேட்பன வேறு:

ஒன்று: பயிற்சி வேளைகளின் வருகையைத் தனியே கணக்கிடுக. 15இல் 12க்கேனும் வந்து கணக்குப் போட்டவனை, விரிவுரை குறைந்ததென்று தேர்வினின்று தடுக்கற்க.

இரண்டு: பயிற்சி வேளைகளைத் தமிழில் நடத்துக. வினாத்தாளை இருமொழியிலும் தருக. தமிழில் விடையெழுதும் உரிமையை எல்லாப் பிரிவினர்க்கும் வழங்குக.

மூன்று: முடிவு விடைக்கன்றி, விடைக்குச் சென்ற வழிக்கே பெரும்பங்கு மதிப்பெண் தருக. முதல் அகத்தேர்வில் சறுக்கியவன் பின்னைத் தேர்வில் எழுந்து நின்றால், பின்னதையே கொள்க. கற்பது என்பது வளர்ச்சி. வளர்ச்சியை அளக்கும் கலைக்கே நுண்கணக்கு என்று பெயர்!

நான்கு: வருகை குறையத் தொடங்கிய ஐந்தாம் கிழமையிலேயே மாணவனை அழைத்துக் கரணியம் கேட்க. பருவ இறுதியில் பட்டியல் ஒட்டுவது ஆசிரியம் அன்று.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டா, மனமே வேண்டும்.

தமிழ் மாணவனே! உனக்கும் ஒரு சொல். உன் வருகையைப் பிறர் ஏட்டிற்காகப் பதியாதே. உன் அறிவிற்காகப் பதிக. புரியாத இடத்தில் எழுந்து நின்று, உன் தாய்மொழியில், தலைநிமிர்ந்து கேள். அது நாணத்தக்க செயலன்று, உன் உரிமை. உடலை மட்டும் எண்ணும் ஏடு ஒருநாள் கிழியும். நீ அறிந்து போட்ட கணக்கு உன்னோடு நிற்கும். உன் இனத்தோடும் நிற்கும்!